வாக்குக் கொடுத்தவர்களின் பாடம்

செப்டம்பர் பிறந்துவிட்டால் வெர்னா அக்காவின் போன் ஓயாது. வயல்களில் அறுவடை எந்திரங்கள் புழுதி கிளப்பிக்கொண்டிருக்கிற அதே வாரங்களில், சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் எங்கள் ஞாபகம் வந்துவிடும். "டீச்சர், உடன்படிக்கை பத்தி எங்க பிள்ளைங்களுக்கு வந்து கொஞ்சம் சொல்ல முடியுமா? உங்களை விட்டா வேற யாரு இருக்கா?" என்று ஒவ்வோர் ஊரிலிருந்தும் கூப்பிடுவார்கள். அக்கா சரி என்பாள். போனை வைத்துவிட்டு, "வேற யாரு இருக்காங்களாம். இந்த ஊர்ல மட்டும் ரெண்டாயிரம் பேர் இருக்காங்க," என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

அக்கா என்கிறேனே தவிர, நாங்கள் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இல்லை. அவள் அம்மாவும் என் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். கனடாவின் பூர்வகுடிகளான எங்கள் க்ரீ ஜனங்களில் பெரியம்மா மகள் அக்காதான், அதற்கு மேல் பேச்சில்லை. ரிசர்விலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் டவுன் பள்ளிக்கூடத்தில் இறக்கும் பஸ்ஸை நான் ஓட்டுகிறேன். ரிசர்வ் என்பது உடன்படிக்கையில் எங்களுக்கென்று விட்டுவைத்த நிலம். அதைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கோதுமையும் கடுகும் வெள்ளைக்காரர்களுடையது. அக்கா அந்தப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். எங்கள் ஆட்களில் அங்கே பாடம் நடத்துகிறவள் அவள் ஒருத்திதான்.

கணக்கு சொல்லித் தரவேண்டும் என்றுதான் அவள் டீச்சரானாள். பின்னத்தைக் கண்டால் அழுகிற பிள்ளையைச் சிரிக்க வைக்கிற வித்தை அவளிடம் உண்டு. ஆனால் கணக்குக்காக எந்தப் பள்ளிக்கூடமும் அவளைக் கூப்பிட்டதில்லை. பல வருஷங்களுக்கு முன் ஒரு தடவை, ஏதோ ஒரு தலைமையாசிரியர் கேட்டாரே என்று உடன்படிக்கையைப் பற்றிப் பேசிவிட்டாள். அன்றிலிருந்து அது அவள் தலையில் கட்டப்பட்டுவிட்டது. போகிற இடத்திலெல்லாம், எங்கள் வழக்கப்படி மரியாதைக்கு ஒரு பொட்டலம் புகையிலையும், அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயர் போட்ட ஒரு காபிக் கோப்பையும் கொடுப்பார்கள். அவள் புகைப்பதில்லை. கோப்பைகளுக்கு அலமாரியில் இடமில்லை. "நாம விட்டுக்கொடுத்ததுக்கெல்லாம் சேர்த்து ஒவ்வொரு கோப்பையா திருப்பித் தர்றானுங்க போல," என்பான் கில்பர்ட்.

கில்பர்ட் அக்காவின் கூடப்பிறந்த தம்பி. எனக்கு அண்ணன். ஒரு காலத்தில் அந்த வட்டாரத்தில் அவனை மாதிரி ஹாக்கி ஆடினவன் இல்லை. இப்போது சர்க்கரை வியாதி சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. வாரத்தில் பாதி நாள் நகரத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ரிசர்வ் மருத்துவ வேன் பாதி நாள் ஓடும், பாதி நாள் பட்டறையில் கிடக்கும். வேன் வராத நாட்களில், பள்ளிக்கூடம் விட்டதும் அக்காவே அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போவாள். அவளால் முடியாதபோது நான். பல நாள் மூன்று பேருமாகவே போவோம். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், நடுவில் ஆஸ்பத்திரிப் பிளாஸ்டிக் நாற்காலி.

அந்தக் கார்ப் பயணங்களில்தான் அவள் பாடம் நடத்துகிற விதத்தை நான் கேட்டிருக்கிறேன்.

"இன்னிக்கு மருந்துப் பெட்டி வரைக்கும் வந்தாச்சு," என்பாள்.

ஆறாம் உடன்படிக்கையில் அப்படி ஒரு வரி இருக்கிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால், காட்டெருமைக் கூட்டங்கள் அற்றுப்போய், அம்மை எங்கள் கூடாரங்களைக் காலி செய்துகொண்டிருந்தபோது, இங்கிலாந்து ராணியின் ஆட்கள் நிலம் கேட்டு வந்து உட்கார்ந்தார்கள். எங்கள் தலைவர்கள் பள்ளிக்கூடம் கேட்டார்கள், ஏரும் மாடும் கேட்டார்கள், பஞ்சம் வந்தால் கை கொடுக்கவேண்டும் என்றார்கள், ஜனங்களின் உபயோகத்துக்கு ஒரு மருந்துப் பெட்டி வேண்டும் என்றார்கள். சரி என்று எழுதிக்கொண்டார்கள். சூரியன் காய்கிற வரைக்கும், ஆறு ஓடுகிற வரைக்கும் என்றார்கள். புனிதப் புகைக்குழாயைப் புகைத்து, சாட்சியாக வானத்தை வைத்துத்தான் எங்கள் ஆட்கள் பேனாவைத் தொட்டார்கள்.

"ராணி அனுப்புன பெட்டி வந்துடுச்சாக்கா? எங்க, பின் சீட்டுலயா இருக்கு?" என்று கில்பர்ட் திரும்பிப் பார்ப்பான்.

"பின் சீட்டுல நார்மா இருக்கா. அவ திங்கிற சிப்ஸ் இருக்கு," என்று கண்ணாடியில் என்னைக் காட்டுவாள் அக்கா.

"அதையாவது குடு. அதுல உப்பு இருக்கு, எனக்கு ஆகாது. பரவாயில்ல, குடு."

அக்கா சிரிக்காமல் ஓட்டுவாள். அவள் கண்ணுக்குக் கீழே அப்போதெல்லாம் கறுத்திருக்கும்.

பள்ளிக்கூடம் என்ற வாக்கைப் பற்றி அவள் சின்னப் பிள்ளைகளிடம் அளவாகத்தான் சொல்வாள். ரிசர்வுக்குள்ளே ஒரு பள்ளிக்கூடம் என்று கேட்டதற்கு, பிள்ளைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், முடியை வெட்டி, பாஷையை வெட்டி வைத்த விடுதிகள் கிடைத்தன. எங்கள் இரண்டு அம்மாக்களும் அங்கே போய் வந்தவர்கள். அதைப் பற்றி அவர்கள் எங்களிடம் பேசினதில்லை. அக்கா வகுப்பில் அதைச் சொல்கிற நாளன்று வீட்டுக்கு வந்து சமைக்க மாட்டாள். டின்னைத் திறந்து அப்படியே சாப்பிடுவாள்.

தன் சொந்த வகுப்புக்கு மட்டும் அவள் ஒரு விளையாட்டு வைத்திருந்தாள். அது நடந்த வருஷத்தைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

வகுப்பில் ஜன்னல் ஓரம் பாதிப் பிள்ளைகள், சுவர் ஓரம் பாதி. ஜன்னல் பக்கம் வெயில் வரும், மைதானம் தெரியும், புத்தக அலமாரியும் அங்கேதான். சுவர்ப் பக்கத்துப் பிள்ளைகள் போய் ஜன்னல் பக்கத்தாரிடம், "நாங்களும் அங்க வந்து உக்காரலாமா?" என்று கேட்கவேண்டும். பதிலுக்கு என்ன தருவோம் என்று அவர்களே சொல்லவேண்டும். பிள்ளைகள் தாராளமாகச் சொன்னார்கள். தினமும் சாப்பாட்டு வரிசையில் உங்களுக்குத்தான் முதல் இடம். பென்சில் சீவித் தருவோம். அலமாரியிலிருந்து கேட்ட புத்தகத்தை எடுத்து வந்து தருவோம். எத்தனை நாளைக்கு என்று அக்கா கேட்டாள். "எப்பவும்," என்றார்கள். பலகையில் எழுதி, எல்லாரும் கீழே பெயர் போட்டார்கள். பிறகு அக்கா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

முதல் நாள் எல்லாம் நடந்தது. மறுநாள் பென்சில் சீவ ஆளில்லை. வாரக் கடைசியில் ஜன்னல் பக்கம் போனவர்கள் மேசைகளை நெருக்கிப் போட்டுக்கொண்டார்கள். பழையவர்கள் அலமாரிக்குப் போக வழியில்லை. சாப்பாட்டு வரிசையிலும் புதிதாக வந்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள், கதவு அவர்களுக்குப் பக்கத்தில் இருந்ததால்.

அன்று அக்கா கேட்டாள்: "பலகையில என்ன எழுதியிருக்கு?"

பிரின்லி ஹால்வர்சன் என்று ஒரு பெண். கெட்டிக்காரி. சுவர் ஓரத்திலிருந்து ஜன்னலுக்குப் போனவள். அவள் எழுந்து, "ஆனா டீச்சர், நாங்க இப்ப இங்கதான இருக்கோம். எங்க பையெல்லாம் இங்கதான் இருக்கு," என்றாள்.

இதைக் காரில் சொல்லும்போது அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அந்த மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"அப்புறம் நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. நம்ம ரிசர்வ் பையன் ஒருத்தன், பின்னாடி உக்காந்துக்கிட்டு, 'அதேதான் டீச்சர் அவங்க எப்பவும் சொல்றது'ன்னான். பாவம் அந்தப் பொண்ணு. மூஞ்சி சிவந்துபோச்சு. அப்படியே யோசிச்சுக்கிட்டே உக்காந்திருந்துச்சு."

அந்தப் பெண் வீட்டுக்குப் போயும் யோசித்திருக்கிறாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது, "அப்பா, நம்ம நிலத்துக்காக நாம என்ன தர்றோம்னு சொல்லியிருந்தோம்? அதைக் குடுத்துட்டமா?" என்று கேட்டிருக்கிறாள்.

அடுத்த வாரம் அவள் அப்பா டேரில் ஹால்வர்சன் பள்ளிக்கூடத்துக்கு வந்தான். அறுவடை நடுவில் வந்திருந்தான். தொப்பியிலும் தோளிலும் உமி. பஸ்ஸை நிறுத்திவிட்டு நான் அக்காவின் வகுப்பில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் விளையாடப் போயிருந்தார்கள். டேரில் எங்களுக்குப் புது ஆள் இல்லை. கில்பர்ட்டோடு ஒரே அணியில் ஆடினவன். ஒரு குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டுக்கு வந்து மான்கறி சூப்பைத் தட்டு தட்டாகக் குடித்தவன்.

"எம் பொண்ணுகிட்ட நாங்க திருடங்கன்னு சொல்லியிருக்க, வெர்னா."

"உக்காரு டேரில்."

"உக்கார எல்லாம் நேரமில்ல. எந்திரம் வயல்ல நிக்குது. எங்க தாத்தாவோட அப்பா காசு குடுத்து வாங்கின பூமி. கல்லு பொறுக்கி, மரம் வெட்டி, பாதி வருஷம் பட்டினி கெடந்து ஆக்கினது. அவர் யாருகிட்டயும் திருடல."

"திருடினார்னு நான் சொல்லல. அவர் வந்து வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வாக்கு குடுத்திருந்தாங்க. அந்த வாக்கு இல்லாம அவருக்கு யாரும் பட்டா எழுதிக் குடுத்திருக்க முடியாது. கலப்பை இறங்குற ஆழத்துக்கு மண்ணைப் பங்கு போட்டுக்குவோம்னு எங்க ஆளுங்க நெனச்சாங்க. அவ்வளவுதான் சொன்னேன்."

"அந்த வாக்கு குடுத்தப்ப நான் இருந்தேனா? எங்க தாத்தாவோட அப்பாகூட அப்ப நார்வேல இருந்தார்."

"நானும்தான் இல்ல," என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. ஒரு நாற்காலியைச் சாய்த்து மேசைமேல் கவிழ்த்துக்கொண்டே பேசினாள். "நீயும் இல்ல, நானும் இல்ல. ஆனா நிலம் மட்டும் வழி தெரிஞ்சு உன்கிட்ட வந்து சேந்துச்சு. வாக்குக்கு மட்டும் வழி தெரியலையா?"

டேரில் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

"அவ ரெண்டு நாளா சரியா சாப்பிடல, வெர்னா. ஒம்பது வயசு. இதெல்லாம் அவளுக்கு எதுக்கு?"

"எங்க பிள்ளைங்களுக்கும் ஒம்பது வயசுதான்."

அவன் கிளம்பினான். போகும்போது கதவருகே என்னைப் பார்த்து, "கில்பர்ட் எப்படி இருக்கான்?" என்றான்.

"வாரத்துல பாதி மெஷின்ல இருக்கான்," என்றேன்.

"கேட்டேன்னு சொல்லு."

சொன்னேன். "அவன் என் வலது முழங்கால்ல மட்டையால அடிச்சதை இன்னும் மன்னிக்கலன்னு சொல்லு," என்றான் கில்பர்ட்.

அதோடு விட்டிருந்தால் அக்கா எப்போதும்போல இருந்திருப்பாள். இரண்டு நாள் கழித்துத் தலைமையாசிரியை அவளை அறைக்குக் கூப்பிட்டாள். சின்ன வயசுக்காரி, நல்ல மாதிரி. யார் மனதையும் நோகடிக்கக் கூடாது என்பதே அவள் கவலை.

"உங்க பாடம் எவ்வளவு முக்கியம்னு எனக்குத் தெரியும், வெர்னா. கொஞ்சம் மென்மையா சொல்லலாமேன்னு பாக்கறேன். உங்க பன்னாக் ரொட்டியைச் சுட்டுக் காட்டலாம். மேளம் வாசிக்கிறவங்க யாரையாவது கூட்டிட்டு வரலாம். சந்தோஷமான விஷயங்கள்."

"சரி," என்றாள் அக்கா.

"கோவிச்சுக்கிட்டீங்களா?"

"இல்லம்மா. களைப்பா இருக்கு."

அன்று ஆஸ்பத்திரியில், கில்பர்ட்டை மெஷினில் மாட்டிவிட்டு நாங்கள் இருவரும் வெளியே உட்கார்ந்திருந்தோம். அக்கா செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பிசைந்துகொண்டே, "இனிமே நான் சொல்லப்போறதில்ல, நார்மா," என்றாள்.

"எதை?"

"உடன்படிக்கையை. எந்த ஸ்கூலுக்கும் போகப்போறதில்ல. என் கிளாஸ்லயும் இல்ல."

நான் அவளைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். நீ சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள் என்றேன். எல்லாரும் சொல்கிற அதே வார்த்தைதான் என் வாயிலும் வந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

"இது ஒரு கல்யாணம்னு வையேன். புருஷன் குடுத்த வாக்கை எல்லாம் பொண்டாட்டியே வருஷா வருஷம் ஊர் ஊராப் போய்ச் சொல்லிக்கிட்டு இருக்கா. அவன் முன் வரிசையில உக்காந்து கைதட்டிட்டு, ஒரு கோப்பையைக் குடுத்து அனுப்புறான். நல்லாவா இருக்கு?"

உள்ளே கில்பர்ட் நர்ஸிடம் ஏதோ கதை அளந்துகொண்டிருந்தது கேட்டது.

மறுநாளே ஆசிரியர்கள் காபி குடிக்கிற அறையில் அதை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அடுத்த வருஷம் உடன்படிக்கைப் பாடத்தை பிரென்ட் கோவால்சக் எடுக்கட்டும் என்றாள். கோவால்சக் ஐந்தாம் வகுப்பு வாத்தியார். நாற்பது வயது, உயரம், விளையாட்டுக்கும் அவர்தான். தாத்தா பாட்டி உக்ரைனிலிருந்து வந்தவர்கள். கேட்டதும் அவர் கையிலிருந்த சாண்ட்விச் அப்படியே நின்றுவிட்டதாம்.

"நானா? நான் எப்படி டீச்சர்? அது உங்க கதை. நான் ஏதாவது தப்பா சொல்லிட்டா?"

"என் கதையைச் சொல்லச் சொல்லலையே. அதுல ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டிருக்கு. எங்க பக்கம் என்ன குடுத்துச்சுன்னு நான் சொல்லிச் சொல்லி வாய் உலர்ந்துபோச்சு. உங்க பக்கம் என்ன தர்றேன்னு சொல்லிச்சு, அதை நீ சொல்லு."

"எங்க தாத்தா ராணிக்கு ஒண்ணும் ஒறவில்லையே."

"ராணிக்குக் குடுத்த நிலத்துலதான வந்து வீடு கட்டினார்?"

அவர் மறுக்கவில்லை. ஆனால் குளிர்காலம் முழுக்க அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார். இதை எப்படிச் சொல்வது, அதை எங்கே ஆரம்பிப்பது, இந்த வார்த்தை சரியா. அக்கா முதலில் சொன்னாள். பிறகு, "புத்தகத்துல இருக்கு, படி," என்றாள். பிறகு அவர் வருவதைப் பார்த்தால் என் பஸ்ஸுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வாள். வெளியே மைனஸ் நாற்பது டிகிரி குளிர். நான் எஞ்சினை ஓடவிட்டு வைத்திருப்பேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "அந்த ஆளுக்குப் பாடம் நடத்துறதுக்கு நானே நடத்திடலாம் போல," என்பாள். ஆனால் நடத்தவில்லை.

செப்டம்பர் வந்தது. போன்கள் வந்தன. "நான் இப்ப சொல்றதில்லீங்க," என்றாள். எதிர்ப்பக்கம் பதறிப்போய், உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

கோவால்சக் பாடம் எடுத்த அன்று ஐந்தாம், நாலாம் வகுப்புகளை ஒன்றாக உட்கார வைத்தார்கள். அக்காவும் கூட இருக்கவேண்டும் என்று அவர் கெஞ்சினார். அவள் மாட்டேன் என்று என் பஸ்ஸில் வந்து படியில் உட்கார்ந்தாள். வெயில் இதமாக இருந்தது. வாத்துகள் தெற்கே போய்க்கொண்டிருந்தன. ஆளுக்கொரு டோனட் சாப்பிட்டோம். நான் இரண்டு தடவை, "உள்ள என்ன நடக்குதுன்னு போய்ப் பாக்கட்டுமா?" என்று கேட்டேன். "பேசாம தின்னு," என்றாள்.

மணி அடித்ததும் அவர் நேராகப் பஸ்ஸுக்கு வந்தார். சட்டைக் கக்கமெல்லாம் நனைந்திருந்தது.

"வருஷத்தைத் தப்பா சொல்லிட்டேன். உங்க ஊர்ப் பொண்ணு ஒண்ணு திருத்திச்சு. நம்பர் எல்லாம் மறந்துபோச்சு. ரொம்ப மோசம், டீச்சர்."

"வாக்கைக் காப்பாத்தினாங்களான்னு கேட்டாங்களா?" என்றாள் அக்கா.

"கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"கொஞ்சம்தான் காப்பாத்தினோம், நெறைய இல்லன்னு சொன்னேன். பொய் சொல்ல வரல." அவர் பஸ்ஸின் மட்கார்டில் சாய்ந்துகொண்டார். "அதுக்கப்புறம் ஒரு பையன் எந்திரிச்சு, 'அப்ப நீங்க என்ன பண்ணப்போறீங்க, சார்?'னு கேட்டுட்டான். மத்ததுங்களும் சேந்துக்கிச்சு. நீங்க என்ன பண்ணப்போறீங்க, நாம என்ன பண்ணணும்னு. எனக்கு ஒண்ணும் ஓடல. யோசிச்சுட்டு வந்து சொல்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நீங்க இந்தக் கேள்விக்கு என்ன சொல்லுவீங்க?"

அக்கா விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் துடைத்தாள்.

"எனக்குத் தெரியாது," என்றாள். "என்கிட்ட யாரும் அதைக் கேட்டதில்ல."

அவர் விளங்காமல் பார்த்தார்.

"பாவமா இருந்துச்சா டீச்சர், கஷ்டமா இருந்துச்சா டீச்சர், உங்க அம்மா அழுதாங்களா டீச்சர். இத்தனை வருஷமா இதைத்தான் கேட்டாங்க. என்னைப் பாத்து வேற என்ன கேப்பாங்க, பாவம். உன்னைப் பாத்தாதான் அந்தக் கேள்வி வருது."

கோவால்சக் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். அக்கா படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தேன். இல்லை. வெறுமனே மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை முன்னாடியே யோசிச்சிருக்கலாம்," என்றாள் கடைசியில்.

இதனால் உலகம் ஒன்றும் புரண்டுவிடவில்லை. அவள் போகாத பள்ளிக்கூடங்களில் பாதி, அந்தப் பாடத்தையே விட்டுவிட்டன. சிலவற்றில் ஏதோ படம் போட்டுக் காட்டிப் பிள்ளைகளை வண்ணம் தீட்டச் சொல்கிறார்களாம். மருத்துவ வேன் இன்னும் பாதி நாள் பட்டறையில்தான் கிடக்கிறது. கோவால்சக்கின் வகுப்பு அந்த வேனைப் பற்றி ஒட்டாவாவில் இருக்கிற அரசாங்கத்துக்கு எழுதியதாகவும், நன்றி என்று ஒரு வரி பதில் வந்ததாகவும் கேள்வி. டேரில் ஹால்வர்சன் கடைத்தெருவில் பார்த்தால் கையைத் தூக்குகிறான், அவ்வளவுதான். அவன் பெண் மட்டும் ஒரு நாள் அக்காவிடம் வந்து, தாத்தாவின் தாத்தா நார்வேயிலிருந்து கப்பலில் வந்த கதையைச் சொல்லிவிட்டு, "அவருக்கு அந்த வாக்கு பத்தி யாருமே சொல்லலையாம் டீச்சர். நான் விசாரிச்சேன்," என்றாளாம்.

போன வாரம் பக்கத்து ஊர்த் தலைமையாசிரியர் ஒருவர் அக்காவை வீட்டுக்கே தேடி வந்துவிட்டார். புகையிலைப் பொட்டலம் வேறு. எங்கள் பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை, நீங்கள் வந்தால்தான் நடக்கும் என்று மன்றாடினார். நான் அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். அக்கா அவரை உட்கார வைத்துக் காபி கொடுத்தாள். நிதானமாகக் கேட்டுக்கொண்டாள்.

"உங்க ஸ்கூல்ல எத்தனை டீச்சர் இருக்காங்க?"

அவர் ஒரு எண்ணிக்கை சொன்னார்.

"எல்லாருக்கும் படிக்கத் தெரியுமில்ல?"

அவர் சிரித்தார். பிறகு அது வேடிக்கையில்லை என்று தெரிந்து சிரிப்பை நிறுத்திக்கொண்டார். கோவால்சக்கின் போன் நம்பரை அக்கா ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கூப்பிடுவாரா?" என்றேன்.

"மாட்டார்னுதான் தோணுது," என்று சொல்லிவிட்டு, ஒரு உருளைக்கிழங்கை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.